புதிய ஜெபக்குழுவுக்கு முதலில் தேடவேண்டியது பிரசங்கியை அல்ல

உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். சிறு நகரத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. இருநூறு குடும்பங்களுக்கு மேல். மூன்று ஜெபக்குழுக்கள் பல வருடங்களாக நடக்கின்றன, மூன்றிலும் அதே முகங்கள். மாற்றலாகி வந்திருக்கும் ஆயர், வருட முடிவுக்குள் பத்துக் குழுக்களாவது வேண்டும் என்கிறார். இருக்கிற குழுக்களைப் பிரிக்கலாமா, யாரைத் தலைவராகப் போடுவது, நாளைக்கு இதுவே சபையை உடைத்துவிடாதா, எப்போது தொடங்கலாம் என்று கேட்கிறீர்கள்.

பத்து என்ற எண்ணை முதலில் மறந்துவிடுங்கள். ஆயரிடமும் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். ஆராதனை முடிவில் பத்துத் தலைவர்களின் பெயரை வாசித்து, முன்னால் நிறுத்தி, தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பிய சபைகளைப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் மாதம் பார்த்தால் இரண்டு குழு நடக்கும். மற்ற எட்டும் அறிக்கையில் மட்டும் நடக்கும். நீங்கள் இரண்டே இரண்டு குழுக்களைத் தொடங்குங்கள். அந்த இரண்டுக்கும் தகுந்த ஆட்களைக் கண்டுபிடிப்பதில்தான் உங்கள் உழைப்பில் முக்கால் பங்கு போகவேண்டும்.

தகுந்த ஆள் யார் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1742-ஆம் வருடம், இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரம். ஜான் வெஸ்லி என்ற குருவானவரைப் பின்பற்றிய மெதடிஸ்டுகள் கட்டிய கூடத்துக்குக் கடன் பாக்கி இருந்தது. எப்படி அடைப்பது என்று கூடிப் பேசியபோது, ஃபாய் என்ற மாலுமித் தலைவர் ஒருவர், ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுப்போம் என்றார். பலருக்கு அதற்கும் வழியில்லையே என்றது கூட்டம். அப்படியானால் இருப்பதிலேயே ஏழைகளான பதினொரு பேரை என் கணக்கில் எழுதுங்கள், நான் வாரந்தோறும் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன், கொடுக்க முடியாதவர்களுக்காக நானே போட்டுவிடுகிறேன் என்றார் அவர். மற்றவர்களும் அப்படியே பொறுப்பெடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். போன இடத்தில் பென்னியைவிடப் பெரிய விஷயங்கள் கண்ணில் பட்டன. ஒருவர் குடிக்கிறார், ஒரு வீட்டில் சண்டை ஓயவில்லை, இன்னொருவர் படுத்த படுக்கை. அதைக் கேட்ட வெஸ்லிக்குத் தாம் வெகுநாளாகத் தேடியது இதுதான் என்று பட்டது. பிறகு ஒவ்வொரு வீடாகப் போவதற்கு நேரம் போதாமல், பன்னிரண்டு பேரும் ஓரிடத்தில் வாரம் ஒருமுறை கூடுவது என்றாயிற்று. மெதடிஸ்டுகளின் ‘வகுப்பு’ பிறந்தது இப்படித்தான்.

இதில் நாம் பார்க்கவேண்டியது வரிசை. வீட்டுக்குப் போய் விசாரிப்பது முதலில் வந்தது, கூட்டம் அதற்குப் பின்னால் வந்தது. நம் சபைகளில் இது தலைகீழாக நடக்கிறது. கூட்டத்தை அறிவித்துவிட்டு ஆள் வரவில்லை என்று வருத்தப்படுகிறோம்.

ஆகவே தலைவரைத் தேடும்போது நன்றாகப் பேசுகிறவரைத் தேடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், மூன்றாவது பெஞ்சில் உட்காரும் அந்த அம்மா இன்றைக்கு ஏன் வரவில்லை என்று கேட்கிறவர் ஒருவர் ஒவ்வொரு சபையிலும் இருப்பார். திங்கள்கிழமை சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டும் வந்திருப்பார். அவரிடம் போய்த் தலைவராக இருங்கள் என்றால், எனக்குப் பேச வராது, வேறு யாரையாவது போடுங்கள் என்பார். அவரை விடாதீர்கள். வேதபகுதியை நடத்த வேறொருவரைத் துணைக்குக் கொடுக்கலாம். விசாரிக்கும் குணத்தை யாருக்கும் பயிற்சி கொடுத்து வரவைக்க முடியாது.

அப்படிப்பட்டவர் பெரும்பாலும் பெண்ணாக இருப்பார் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், கமிட்டியில் யாராவது முகம் சுளித்தால் பதில் தயாராக இருக்கட்டும். தென்கொரியாவின் சியோலில் யோங்கி சோ என்ற போதகர் 1964-இல் வேலைப்பளு தாங்காமல் பிரசங்க மேடையிலேயே விழுந்தார். அதன் பிறகு வீட்டுக்குழுக்களை நடத்தும்படி சபையின் ஆண் உதவிக்காரர்களைக் கேட்டார். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, பெண்கள் ஏற்றுக்கொண்டார்கள். அந்தக் காலத்துக் கொரியாவில் அது சாதாரண விஷயமல்ல. உலகத்தின் மிகப் பெரிய சபைகளில் ஒன்று அந்த வீட்டுக்குழுக்களின் மேல்தான் எழுந்தது. அவ்வளவு தூரம் போவானேன், நம் ஊர்களிலேயே மிஷன் காலத்து வேதாகம ஸ்திரீகள் வீடு வீடாக நடந்து செய்தது இதே வேலைதான். பிரிஸ்கில்லாளின் வீட்டிலும் நிம்பாவின் வீட்டிலும் சபை கூடியதாகப் பவுலே எழுதுகிறார்.

எந்தக் குழுவுக்கும் ஒருவரை மட்டும் பொறுப்பாகப் போடாதீர்கள், இருவராகப் போடுங்கள். லூக்கா பத்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் இரண்டிரண்டு பேராக அனுப்பினார். ஒருவர் ஊருக்குப் போனாலும் கூட்டம் நிற்காது என்பது ஒரு லாபம். தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டுக்கோ, பெற்றோர் வேலைக்குப் போன வீட்டுப் பிள்ளைகளிடமோ ஒருவர் மட்டும் போகக்கூடாது என்ற ஒழுங்கும் அதிலேயே நிறைவேறிவிடும். இந்த ஒழுங்கை எழுத்தில் வைத்து எல்லோருக்கும் ஒன்றாகச் சொல்லிவிடுங்கள். ஒருவருக்கு மட்டும் பிறகு சொன்னால் அவர்மேல் சந்தேகப்பட்டதுபோல ஆகிவிடும்.

இனி, பழைய குழுக்களைப் பிரிக்கலாமா என்பது. வேண்டாம். பல வருடம் ஒன்றாக அழுது சிரித்தவர்களைப் பட்டியல் போட்டு இரண்டாக்கினால் அது பாகப்பிரிவினைதான். அண்ணன் தம்பிக்குள் முகம் முறிவதுபோல இங்கேயும் முறியும். அவர்கள் அப்படியே இருக்கட்டும். அந்த மூன்று குழுவிலிருந்தும் மனமுள்ள ஓரிருவரை மட்டும் கேட்டு வாங்குங்கள். அனுப்பும் குழுவே அவர்களுக்காக ஜெபித்து அனுப்பட்டும். மற்றவர்கள் எல்லோரும் இதுவரை எந்தக் குழுவுக்கும் வராதவர்களாக இருக்கவேண்டும்: கல்யாணமாகி வந்த பெண்கள், வேலை மாற்றலில் வந்த குடும்பங்கள், பண்டிகைக்கு மட்டும் தலைகாட்டுகிறவர்கள். பழைய குழுவில் இவர்களைச் சேர்த்தால் ஒட்டமாட்டார்கள். அங்கே யாருக்கு எந்த இடத்தில் பாய் என்பதுகூட முடிவாகியிருக்கும். எல்லோரும் புதியவர்களாக இருக்கும் வீட்டில் யாருக்கும் கூச்சம் இருக்காது.

யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லையென்றால் சபைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஒரு மாலை உட்காருங்கள். ஒரு வருடத்தில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் நடந்த வீடுகளைக் குறியுங்கள். அந்த வீடுகளில் கதவு திறந்திருக்கும். அடக்கத்துக்கு ஊரே வந்திருக்கும், நாற்பதாம் நாளுக்குப் பிறகு யாரும் எட்டிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

பல சபைகள் குழுக்களைத் தெருவாரியாகப் பிரிக்கின்றன. காகிதத்தில் அது அழகாகத்தான் இருக்கும். ஆனால் நம் ஊர்களில் பல இடங்களில் தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி. தெருவாரிக் குழு என்று ஆரம்பித்து, ஞாயிற்றுக்கிழமை திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணுகிறவர்கள் புதன்கிழமை சாதிவாரியாக உட்கார்ந்திருப்பார்கள். இது புதிய நோயல்ல. கல்கத்தாவின் பேராயர் டேனியல் வில்சன் 1833-இல், சபைக்குள் சாதி வேறுபாடு உடனே ஒழியவேண்டும் என்று கட்டளை அனுப்பியபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் கோயிலை விட்டே வெளியேறினவர்கள் உண்டு. ஆகவே முதல் இரண்டு குழுக்களிலேயே தெருக்களைக் கலந்துவிடுங்கள். ஒரு வீட்டில் தண்ணீர் குடிக்கத் தயங்குகிறவர் இருந்தால் அது முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும். தெரிவது நல்லதுதான், அதற்குத்தான் ஆயர் இருக்கிறார்.

வீட்டைப் பற்றி. முன்னறையில் பாய் விரித்தால் பத்துப் பன்னிரண்டு பேர் உட்காரவேண்டும், அவ்வளவு போதும். மைக் கூடாது. பெட்டி ஸ்பீக்கரும் கூடாது. பன்னிரண்டு பேருக்கு எதற்கு ஸ்பீக்கர், அது பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் கேட்கும், அவர் அதைக் கேட்கவில்லையே! வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வண்டிகளை அடுத்த வீட்டு வாசலை மறித்து நிறுத்தாதீர்கள். இவற்றால் நின்றுபோன குழுக்கள், விசுவாசக் குறைவால் நின்றுபோனவற்றைவிட அதிகம்.

அடுத்தது சாப்பாடு. குழுக்கள் சாவது பெரும்பாலும் அடுக்களையில்தான். முதல் வாரம் தேநீரும் பிஸ்கட்டும். இரண்டாவது வீட்டில் வடை சேரும். மூன்றாவது வீட்டில் கேசரி. ஒரு மாதத்தில் யாரோ ஒருவர் பிரியாணி போட்டுவிடுவார், அன்பினால்தான். ஐந்தாவதாக முறை வரவேண்டியவர் பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு விதவை. அந்த வாரம் அவருக்குத் தலைவலி என்று செய்தி வரும். அதற்கு அடுத்த வாரமும் வரமாட்டார். அதனால் தேநீர், பிஸ்கட், அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று முதல் நாளே பேசிவிடுங்கள். பிறந்தநாள், கல்யாண நாள் எதற்கும் விலக்கு இல்லை. வசதியுள்ளவர்களுக்குத்தான் இது கஷ்டமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளட்டும்.

கூடுகை எப்படி நடக்கவேண்டும்? எழுபத்தைந்து நிமிடம். ஏழு மணி என்றால் ஏழுக்குத் தொடங்கி எட்டேகாலுக்கு முடியுங்கள், யார் வராவிட்டாலும். எல்லோருக்கும் தெரிந்த ஒரு கீர்த்தனை, ஒன்று போதும். பிறகு ஜெப நோட்டைத் திறங்கள். சாதாரண நாற்பது பக்க நோட்டு. இடப்பக்கம் தேதியும் விண்ணப்பமும், வலப்பக்கம் வெறுமையாக. போன வாரம் எழுதியதை ஒருவர் வாசிக்கவேண்டும்: “தங்கச்சி மகனுக்கு ஐ.டி.ஐ.யில் இடம் கிடைக்க.” கிடைத்ததா? கிடைத்தால் வலப்பக்கத்தில் எழுதுங்கள். இல்லையென்றால் அதையும் எழுதுங்கள். நடுவில் யாரும் வேதவசனம் சொல்லி ஆறுதல்படுத்த வேண்டாம். பேச வராத அந்தத் தலைவர் இந்த இடத்தில் மிளிர்வார், ஏனென்றால் அவர் வாரத்தின் நடுவிலேயே போய் விசாரித்திருப்பார்.

அதன் பின் வேதபகுதி. ஆளுக்கு ஒரு வசனமாகச் சுற்றி வாசிக்கலாம். வாசிக்கத் தயங்குகிறவர் “அடுத்தவர்” என்று சொல்லலாம் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள், படிக்காதவர்கள் வெட்கப்பட்டு நின்றுவிடக்கூடாது. கேள்விகள் மூன்று: இதில் என்ன நடக்கிறது, இதில் எது விளங்கவில்லை, இந்த வாரம் இதை வைத்து நான் என்ன செய்யப்போகிறேன். இரண்டாவது கேள்வியில் ஒரு பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்லத் தயாராவார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் உள்ள குழுவில் இது நிச்சயம். “ஐயா, நீங்கள் கடைசியில் சொல்லுங்கள், முதலில் பிள்ளைகள் சொல்லட்டும்” என்று மரியாதையாக நிறுத்தத் தலைவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். துரோவாவில் பவுல் நடுராத்திரிவரை பேசியதில் ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். பவுலுக்கே அப்படியென்றால் நாம் சொன்ன நேரத்துக்கு முடிப்பது நல்லது.

பகுதியைத் தேர்வதில் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ரூத் நான்கு அதிகாரம், பிலிப்பியர் நான்கு அதிகாரம். எட்டு வாரம் ஆயிற்று. எட்டு வாரத்துக்கு மட்டும் வாருங்கள் என்று கூப்பிட்டால் மாட்டேன் என்பவர்கள் குறைவு. ஆயுள் முழுக்க புதன்கிழமை என்று கூப்பிட்டால் யார் வருவார்கள்? எட்டாம் வாரம், தொடரலாமா நிறுத்தலாமா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். நிறுத்த வேண்டுமென்றால் நன்றி சொல்லி நிறுத்துங்கள். அதில் அவமானம் ஒன்றுமில்லை. நிறுத்தத் தெரியாத சபைகளில்தான் செத்த குழுக்கள் அறிக்கையில் உயிரோடு உலாவுகின்றன.

வாலிபர்களுக்குத் தனிக்குழு வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். அவர்களாகக் கேட்டால் கொடுங்கள், நீங்களாக ஏற்படுத்தாதீர்கள். ஒரு பெரியவர் மட்டும் பக்கத்தில் இருக்கட்டும். வாலிபர்களின் ஜெபக்கூட்டம் எங்கே கொண்டுபோய் விடும் என்று யாருக்கும் தெரியாது. வட இந்தியாவுக்கு மிஷனரிகளை அனுப்பிவரும் நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு 1959-இல் தமிழ்நாட்டு வாலிபர்கள் கூடி ஜெபித்ததிலிருந்துதான் எழுந்தது.

இப்போது உள்ளே வரக்கூடாதவை. முதலாவது, ஜெபக்குறிப்பு என்ற பெயரில் வரும் புறணி. “இதை ஜெபத்துக்காகத்தான் சொல்கிறேன்” என்று ஒருவர் தொடங்கினாலே தலைவர் எழுந்துவிடவேண்டும். அங்கே இல்லாத ஒருவருடைய குடும்பக் கதையை அவர் அனுமதியில்லாமல் யாரும் சொல்லக்கூடாது, குழுவில் கேட்டதை வெளியே கொண்டுபோகக்கூடாது. வாட்ஸ்ஆப்பில் போடுவதும் வெளியே கொண்டுபோவதுதான். அங்கே இடம், நேரம், வேதபகுதி மட்டும் போதும். இரண்டாவது, பணம். வெஸ்லியின் வகுப்பு பென்னியில் தொடங்கியது உண்மைதான், ஆனால் அது சபைக் கணக்குக்குப் போன பணம். நம் குழுவில் காணிக்கைப் பை வேண்டாம், சீட்டு வேண்டாம், கைமாற்று வேண்டாம், இன்சூரன்ஸ் பாலிசி வேண்டாம். ஒரு குழுவில் சீட்டுப் பிடித்தவர் பணத்தோடு ஊரை விட்டுப் போனதில், பன்னிரண்டு குடும்பமும் கோயிலுக்கு வருவதையே நிறுத்திய கதை எனக்குத் தெரியும். ஒருவருக்கு அவசர உதவி தேவையென்றால் ஆயரிடம் சொல்லி சபை மூலமாகக் கொடுக்கலாம்.

மூன்றாவது தேர்தல். சி.எஸ்.ஐ.க்காரர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. பன்னிரண்டு வீட்டோடு நெருக்கமாக இருக்கும் ஒருவர் திருமண்டலத் தேர்தல், அதாவது ஒரு பேராயரின் கீழுள்ள சபைகளின் நிர்வாகத் தேர்தல், வரும்போது பன்னிரண்டு ஓட்டாகத் தெரிவார். தேர்தல் வருடத்தில் புதிய குழு தொடங்காதீர்கள். கமிட்டிக்கு நிற்பதாக எண்ணமுள்ளவர் பொறுப்பாளராக இருக்கவேண்டாம். இருந்துகொண்டே நின்றால் அன்றைக்கே பொறுப்பை மற்றவரிடம் விட்டுவிடவேண்டும். இதை ஆயர் வாயால் சொல்வதைவிட கமிட்டித் தீர்மானமாக வைப்பது உங்களுக்கும் பாதுகாப்பு, அவருக்கும் பாதுகாப்பு.

சபை உடைந்துவிடுமோ என்ற பயத்துக்கு வருகிறேன். அது வீண் பயமல்ல. நம் ஊர்களில் எத்தனையோ தனிச்சபைகள் ஒரு வீட்டு ஜெபக்கூட்டமாகத்தான் தொடங்கின. இந்தப் பயம் ஐரோப்பாவிலும் இருந்தது. 1670-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஃபிலிப் ஸ்பேனர் என்ற லுத்தரன் குருவானவர் தம் வீட்டில் சிறு கூட்டங்களைத் தொடங்கியபோது சபைக்குள் சபையா என்று பலர் எதிர்த்தார்கள். அங்கே கூடியவர்களில் சிலர் பிற்பாடு சபையை விட்டுப் போகவும் செய்தார்கள். ஆனால் அந்தக் கூட்டங்களிலிருந்து எழுந்த இயக்கம் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வளர்ந்தது. அங்கே உருவான சீகன்பால்கு, புளூச்சோ என்ற மிஷனரிகள்தான் 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். தமிழில் புதிய ஏற்பாடு அச்சில் வந்ததற்குப் பின்னால் அந்த வீட்டுக்கூட்டங்கள் இருக்கின்றன.

ஸ்பேனரிடம் நாம் கற்கலாம்: குருவானவர் கூட்டத்துக்குள் இருந்தார். ஆயருக்குத் தெரியாமல் நடக்கும் குழுதான் பிரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆயர் ஒவ்வொரு குழுவிலும் வந்து உட்காரட்டும், பிரசங்கம் பண்ணாமல். மாதம் ஒருமுறை பொறுப்பாளர்கள் எல்லோரும் அவரோடு ஒரு மணி நேரம் கூடட்டும். திருவிருந்து, ஞானஸ்நானம், காணிக்கை மூன்றும் கோயிலில் மட்டும். ஞாயிறு காலையில் குழு கூடுவதில்லை. வெளியூர் ஊழியக்காரரை அழைக்கவேண்டுமென்றால் ஆயரைக் கேட்டுத்தான். இதற்கு ஒத்துவராத பொறுப்பாளர் எவ்வளவு ஜெபவீரராக இருந்தாலும் அவரிடம் குழுவைக் கொடுக்காதீர்கள். இன்னொன்று, ஆயர்கள் மாற்றலாகிப் போகிறவர்கள். இந்த ஆயரின் திட்டம் என்ற பெயரோடு தொடங்கினால் அடுத்த ஆயர் வந்ததும் அதற்கு முற்றுப்புள்ளி விழும். கமிட்டியின் பெயரில் தொடங்குங்கள்.

எப்போது தொடங்குவது? லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், வீட்டு ஜெபம் நடத்துவீர்கள் அல்லவா, அது ஆட்களைக் கண்டுபிடிக்கும் காலம். எந்த வீட்டில் பாயை விரித்து முன்கூட்டியே காத்திருக்கிறார்கள், யார் கிளம்பும்போது “அடுத்து எப்போது வருவீர்கள்” என்று கேட்கிறார்கள் என்று பார்த்து வையுங்கள். ஈஸ்டர் முடிந்ததும் தொடங்க ஆசை வரும், தொடங்காதீர்கள். மே மாதம் பாதி சபை சொந்த ஊருக்குப் போய்விடும். ஜூனில் பள்ளி திறந்து இரண்டு வாரம் கழித்து, புத்தகம் சீருடை அலைச்சல் ஓய்ந்ததும் தொடங்குங்கள். ஒன்று புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு, வீட்டில் இருக்கும் பெண்களுக்காக. மற்றது ஞாயிறு சாயங்காலம் ஐந்தரைக்கு, வேலைக்குப் போகிறவர்கள் குடும்பத்தோடு வரும்படி. ஆகஸ்டில் எட்டு வாரமும் முடிந்திருக்கும். மூன்றாவது குழுவுக்கு யாரைக் கேட்கலாம் என்பது அந்த இரண்டு ஜெப நோட்டுகளிலும் யார் கையெழுத்து அதிகமாக இருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.